மெத்தையைச் சுருட்டாதீங்க அத்தை

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் அமுதவல்லி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் பெயருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குக் கண் எரியும். ஆகையால் இந்தக் கதையில் பாதி சுவர் வழியாகவே எனக்கு வந்து சேர்ந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காதைப் பொத்திக்கொண்டா குடித்தனம் செய்ய முடியும்?

அமுதவல்லி பாகூர்ப் பக்கத்துப் பெண். அப்பா பக்கிரிக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, கொல்லையில் ஒரு இலவ மரம். அம்மா இல்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மாத்திரை கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரையுமே, அந்த மாத்திரை. அதைக் காகிதத்தில் அடைக்கும் அறையில் வேலை. அந்த அறைக் காற்றில் ஈரம் இருக்கவே கூடாது. சுவரில் ஈரத்தை அளக்கும் ஒரு டயல் மாட்டியிருக்கும். அதன் முள் நாற்பதைத் தாண்டினால் மிஷினை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை காற்றிலிருக்கும் தண்ணீரைக் குடித்து, பெட்டிக்குள்ளேயே உப்பி, வாங்குகிறவன் டம்ளரில் செய்ய வேண்டிய வேலையை அங்கேயே செய்து முடித்துவிடும். காலையில் போனதும் சாமி படத்துக்கு முன்னால் அந்த முள்ளைத்தான் பார்ப்பேன் என்று சொல்வாள்.

எதற்கும் பதறமாட்டாள். "ஒவ்வொண்ணா மாத்திப் பாப்பமே" என்பாள். ஒருமுறை என் மிக்சி ஓடவில்லை. கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். இவள் வந்து முதலில் ஜாரை மாற்றினாள், பிறகு வேறு பிளக்கில் செருகினாள். மிக்சி ஓடியது. எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது. சண்டைக்குக் கிளம்பி, சண்டை இல்லாமல் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்தில் தை மாதம் அவளுக்கும் பக்கத்து வீட்டுக் கலைவாணனுக்கும் கல்யாணம் நடந்தது. கலைவாணன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். ஆனால் தும்மினால் மட்டும் தெருமுனை வரை கேட்கும். அவன் உடம்பில் இருந்த சத்தமெல்லாம் அந்த ஒரு வழியாகத்தான் வெளியே வந்தது.

சீர் வரிசையில் பக்கிரி ஒரு மெத்தை கொடுத்தார். கடையில் வாங்கியதில்லை. கொல்லை மரத்துக் காயை வருஷா வருஷம் உடைத்து, பஞ்சு சேர்த்து, மகளுக்கென்று தைக்கச் சொன்னது. தைத்து இரண்டு மூன்று வருஷமாகக் கூடத்து மூலையில் கிடந்தது. வந்த விருந்தாளியெல்லாம் அதில்தான் படுத்து எழுந்தார்கள். கல்யாணத்துக்குப் புது உறை போட்டு, வேனில் தன் மடிமீது வைத்துக்கொண்டு வந்தார் பக்கிரி. இறக்க உதவிக்குப் போன என்னையே தொடவிடவில்லை.

சித்திரை வெயில் ஏறியதும் கலைவாணன் தன் பங்குக்கு ஒரு ஏர்கூலர் வாங்கி வந்தான். அடியில் தண்ணீர் ஊற்றினால் பின்பக்க வைக்கோல் தட்டி நனைந்து குளுகுளுவென்று காற்று வருமே, அது. "அமுதாவுக்கு வேர்க்கக் கூடாதுக்கா" என்று என்னிடம் சொல்லும்போது அவன் முகம் சிவந்துபோயிற்று. குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் அதை ஓட விடுவான். அது ராத்திரி முழுக்க கடகடவென்று ஆடும். எனக்கும் அந்தச் சத்தத்தில்தான் தூக்கமே வந்தது.

தை, மாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தும்மல், கூலர் வந்து கொஞ்ச நாளில் வரிசையாக வர ஆரம்பித்தது. விடிந்ததும் ஒன்று தொடங்கினால் பல் தேய்த்து முடிக்கும்வரை விடாது. மூக்கு சிவந்து, கண் கலங்கி, பட்டறைக்குப் போகிற பிள்ளை பார்க்கச் சகிக்கவில்லை. ஜலதோஷம் என்றார்கள். கஷாயம் வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி பிறந்தது. வழக்கம்போல் பக்கிரி வந்து புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார். அவள் பாகூரிலிருந்தே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். இங்கே அவள் மாமியார் மணியம்மாள், புது மெத்தை அழுக்காகிவிடும் என்று அதைச் சுருட்டி, சேலையில் சுற்றி, முன் அறைப் பரணில் ஏற்றிவிட்டாள். பெண்டாட்டி இல்லாத அறையில் கூலர் எதற்கென்று கலைவாணனும் அதை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துபோட்டுப் பாயில் படுத்தான். கொஞ்ச நாளில் தும்மல் நின்றது. சுத்தமாக நின்றது.

ஆவணியில் அமுதவல்லி திரும்பி வந்தாள். மெத்தை இறங்கியது, கூலர் ஓடியது. தும்மலும் வந்து சேர்ந்தது.

இனி என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தெருவில் குழாயடியில் யாரோ சிரித்துக்கொண்டே மருமகள் ராசியைப் பற்றி ஒரு வார்த்தை போட்டார்கள். அது மணியம்மாள் நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது.

"அவ வந்தா தும்மலு, அவ போனா நிக்குது. கண்ணால பாத்துட்டேன் கமலவேணி. இன்னும் என்னா வேணும்?" என்றாள் என்னிடம்.

"பொண்டாட்டி ஒத்துக்காம மூக்கு ஒழுவுறத நான் எங்கயும் கேட்டதில்ல" என்றேன்.

"ஒனக்கு எல்லாம் கேலிதான்."

மணியம்மாள் கெட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளும் அவள் புருஷன் கலியபெருமாளும் மில்லில் வேலை பார்த்தவர்கள். பஞ்சுத் தூசி குடித்துக் குடித்து அவர் நெஞ்சு வீணாகி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். முதலில் அவருக்கும் இப்படி விடியற்காலைத் தும்மல்தான் வந்ததாம். அவள் பயமெல்லாம் அந்த இருமலைப் பார்த்துத்தான். பயத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, மருமகள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாள். ஜோசியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். தை பிறக்கும்வரை இருவரும் பிரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அமுதவல்லி அழவில்லை. புருஷனை அழைத்துக்கொண்டு கதிர்காமத்தில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். பெயர் துர்கா, சின்ன வயசு, நிதானமாகப் பேசினார்.

"டஸ்ட் மைட்னு ஒண்ணு இருக்கும்மா. தூசியில வாழுற உண்ணி. கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஒடம்புலேர்ந்து உதிர்ற தோல் செதிலத் தின்னுட்டு மெத்தை, தலையணையில இருக்கும். அது தண்ணி குடிக்காது. காத்துல இருக்குற ஈரத்த ஒடம்பால இழுத்துக்கும். காத்து ஈரமா இருந்து, சூடும் இருபத்தஞ்சு முப்பதுன்னு எதமா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். முட்டை போட்டுப் பெருகிடும். காத்து காஞ்சி, ஈரம் அம்பதுக்குக் கீழேயே கொஞ்ச நாள் இருந்தா வத்திப்போய்ச் செத்துரும். நல்ல சூட்டுலயும் செத்துரும்."

"செத்துட்டா தும்மல் நின்னுருமா?" என்று கேட்டாள் அமுதவல்லி.

"அதோட எச்சம்தான் தும்மல் குடுக்குது. அது மெத்தையிலேயே கெடக்குமே. தட்டி எடுக்கணும், மெத்தைக்கு இறுக்கமா ஒற போடணும்."

தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆட்டோவில் திரும்பினோம். இறங்கும்போது அமுதவல்லி, "எங்க மாத்திரை மாதிரியேதான்க்கா இந்தப் பூச்சியும். காத்தக் குடிக்குது" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் செல்வகுமாரிடம் கேட்டு, கழற்றிப்போட்ட பழைய டயல் ஒன்றை வாங்கி வந்தாள். ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் முள் எழுபதைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஜன்னலைச் சாத்தி, கூலரை ஓடவிட்டு, ராத்திரி கழித்துப் பார்த்தால் தொண்ணூறுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. சுவரில் கை வைத்தால் பிசுபிசுத்தது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது. என் வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "மெத்தை எங்கப்பா குடுத்தது. கூலரு இவரு ஆசையா வாங்குனது. ரெண்டும் சேந்துதாங்க்கா பூச்சிய வளக்குது. நான் யாரப் போயிக் கொற சொல்லுவேன்?" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியாத பூச்சியா? நல்லாருக்குடியம்மா" என்றாள் மணியம்மாள். அமுதவல்லி அன்று மெத்தையை அந்த அறையிலேயே உதறிச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, புருஷனுக்குப் பாய் விரித்தாள். உதறிய தூசியெல்லாம் சாத்திய அறைக்குள்ளேயே சுற்றியது. விடிந்ததும் வழக்கத்தைவிட ஓங்கித் தும்மினான் கலைவாணன்.

"பாத்தியா? மெத்தையும் இல்ல, ஒரு பூச்சியும் இல்ல" என்றாள் மணியம்மாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, கலக்கம்தான் இருந்தது. "நல்ல பொண்ணுதான் நீ. ஆனா எனக்கு இருக்குறது ஒரே புள்ள. தை வரைக்கும் அப்பா வீட்டுல இரும்மா."

கலைவாணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், தும்மல்தான் வந்தது. பாவம், அவன் நியாயத்தையும் அது தின்றுவிட்டது.

அமுதவல்லி பேச ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"நான் போறேன் அத்தை. ஆனா மெத்தையச் சுருட்டாதீங்க. நான் இருக்குறப்ப எப்புடி விரிச்சிருந்துதோ அப்புடியே இருக்கட்டும். கூலரு ஓடட்டும். சன்னலு சாத்தியிருக்கட்டும். இவரு மாத்திரை போடாம அதுலயே படுக்கட்டும். என்னைய மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. அப்பவும் தும்முனா, நீங்களே பாகூருக்கு வந்து என்னையக் கூப்புடணும். தும்மலன்னா, தைக்கு இல்ல, எப்பவும் நான் வரல."

மணியம்மாள் யோசித்தாள். மில்லில் யூனியன்காரர்களையே பேசி மடக்கியவள், நியாயமென்று பட்டதைத் தட்டமாட்டாள். "சரி" என்றாள்.

எதற்கும் பதறாதவள் இப்படித் தன் வாழ்க்கையையே எடுத்துத் தராசில் வைப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. என் வீட்டில்தான் இருந்தது. தினம் காலையில் பாகூர் பூத்திலிருந்து எனக்குப் பேசுவதாகச் சொல்லிவிட்டு, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் விடிந்தது. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஆமாம், வைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பக்கம் பல் தேய்க்கும் சத்தம், பக்கெட் சத்தம், வேறொன்றும் இல்லை. மணியம்மாள் என் வாசலுக்கு வந்து, "தும்மல கமலவேணி" என்றாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் அடித்தது. அமுதவல்லியிடம் சொன்னேன். "சரிக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை? கூலர் கடகடக்கவே இல்லை.

நேரே போய்க் கலைவாணனைப் பிடித்தேன். "ராத்திரி எங்கடா படுத்திருந்த?"

அவன் தரையைப் பார்த்தான். "மாடியிலக்கா."

"ஏன்?"

"அவ இல்லாம அந்த மெத்தையில படுக்கப் புடிக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவன் பாசத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட. பெண்டாட்டியைப் பிரிந்த துக்கத்தில் பெண்டாட்டியையே தொலைக்கப் பார்த்தானே. மணியம்மாளிடம் விஷயத்தை உடைத்தேன். அன்று சாயங்காலம் அவளே மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளே ஜன்னலைச் சாத்தினாள். அவளே கூலருக்குத் தண்ணீர் ஊற்றினாள். தும்மல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளா, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாளா, எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அமுதவல்லிதான். "என்னாக்கா?" என்று கேட்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று கிளம்பியது. என் அலமாரியில் தட்டு அதிர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. போன் வயர் எட்டியவரை இழுத்து, ரிசீவரைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கலைவாணன் நிறுத்தாமல் தும்மினான். அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ரிசீவரைக் காதில் வைத்தேன். அமுதவல்லி சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பக்கத்தில் பக்கிரி, குழந்தை தும்மினால் சொல்வார்களே, அப்படி மாப்பிள்ளைக்கு, "நூறு, எரநூறு, முந்நூறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மணியம்மாள் தலைமுடியைக்கூட முடியாமல் வந்து என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினாள். "அமுதா, இருக்குறயா? பஸ்ஸ புடிச்சி வரேன். நீ கெளம்பி இரு" என்றாள். வைத்துவிட்டு என் சமையற்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் காபி போடுவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் கவலைப்படவில்லை.

பழி ஒருவர் மேலிருந்து இறங்கினால் இன்னொருவர் மேல் ஏறித்தானே ஆக வேண்டும். மருமகளோடு வந்து இறங்கியதும் மணியம்மாள் மெத்தையைத் தெருவில் போடக் கிளம்பினாள். கூடவே வந்திருந்த பக்கிரிக்கு முகம் வாடிவிட்டது. அமுதவல்லி மெத்தை மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மெத்தை பாவம் அத்தை. மில்லுல நூலு அறுந்துடக் கூடாதுன்னு காத்துல தண்ணி அடிப்பாங்கன்னு சொல்லுவீங்களே?"

"ஆமா, பொகையாட்டம் அடிப்பான். இல்லன்னா பொட்டு பொட்டுன்னு அறுந்துடும்."

"நூலுக்கு அந்த ஈரம் எப்புடியோ, பூச்சிக்கு இந்தக் கூலரு ஈரம். அது இல்லன்னா அதால நெலைக்க முடியாது."

மணியம்மாள் கூலரைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடி?" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து மெத்தையை மாடிக்கு ஏற்றினார்கள். தரையும் அனலாக இருக்கும் நேரத்தில் கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு மூடி, புரட்டிப் புரட்டிக் காயவிட்டாள் அமுதவல்லி. டயலை அருகில் வைத்துக்கொண்டு, முள் இறங்க இறங்க எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் மாமியாரும் சம்பந்தியும் ஆளுக்கொரு கழி எடுத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடித்தார்கள். அவ்வளவு தூசியை நான் பார்த்ததில்லை. மணியம்மாள் அடித்த அடியில் ஜோசியருக்கும் ஒரு பங்கு இருந்தது என்று நினைக்கிறேன். கம்பெனியில் மாத்திரை டப்பாவுக்குள் போடும் கனமான பிளாஸ்டிக்கில் மெத்தைக்கு உறை போட்டு, வாயை ஒட்டி, மேலே துணி உறை மாட்டினாள் அமுதவல்லி. போர்வை, தலையணை உறையெல்லாம் வாரா வாரம் கொதிக்கும் தண்ணீரில் முங்கின. ஜன்னல் திறந்தது. கூலர் முன் அறைக்குப் போய், அங்கும் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றாடியாக வேலை பார்த்தது. புதுச்சேரிக் கடற்காற்றை ஐம்பதுக்குக் கீழே இறக்க யாராலும் ஆகாது, நாம் ஊற்றி ஏற்றாமல் இருந்தால் போதும் என்றாள்.

தும்மல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஐப்பசி மழையில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். மணியம்மாள் உடனே டயலைப் போய்ப் பார்ப்பாள். எண் படிக்கத் தெரிந்த பிறகு அவள் பண்ணிய அலட்டல் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்குள் வந்து முகர்ந்து பார்த்து, "ஒங்க ஊட்டுல எம்பதுக்கு மேல இருக்கும் கமலவேணி, சன்னலத் தொற" என்பாள்.

அடுத்த ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்குக்குப் பெண்ணை அழைத்துப்போகப் பக்கிரி பூ, பழத்தோடு வந்து உட்கார்ந்தார். அமுதவல்லிக்கு அப்போது நாலு மாதம்.

"பொண்ண ஒரு பத்து நாளு அனுப்பி வைங்க சம்பந்தி" என்றார்.

மணியம்மாள் உள்ளே போகும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டிருப்பாள்.

"போன ஆடிக்கு அவள அனுப்பிட்டு நான் பட்டது போதும் சம்பந்தி. அவள அனுப்ப முடியாது. வேணும்னா மெத்தைய அழைச்சிட்டுப் போங்க."

பக்கிரி சிரித்தார். சிரித்த வேகத்தில் அவருக்கே ஒரு தும்மல் வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான்தான் "நூறு" என்றேன்.